மொட்டைக் கழுகுகள் வந்த அன்று

கழுகு வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் எந்தத் தெரு சும்மா இருக்கும்? எங்கள் தெரு இருக்கவில்லை. பால்காரம்மாவின் கொழுந்தனுக்கு அந்த வேலை கிடைத்த வாரமே 'கழுகு மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டோம். மாப்பிள்ளை என்று சேர்த்தது குசும்புதான். "பையன் என்ன பண்றார்?" என்று பெண் வீட்டில் கேட்டால், "செத்த மாட்டைப் பாறையில போட்டுட்டு, தின்ன யாராவது வராங்களான்னு பார்க்கறார்" என்று பதில் சொல்லி எந்த வீட்டில் காபி வாங்கிக் குடிக்க முடியும்? இரண்டு இடத்தில் காபி ஆறிப்போனதோடு பெண் பார்ப்பதையே அவன் விட்டுவிட்டான்.

எனக்குத் தீவனக் கடை. கடைக்கும் அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மாடு இருமினால் இந்தப் பக்கம் தவிட்டு மூட்டைக்கே தெரியும். பால்காரம்மாவுக்கு ஐந்து மாடு. புருஷன் பால் வேன் ஓட்டுகிறவர். விடிவதற்குள் கேன்களை ஏற்றிக்கொண்டு போனால் பத்து மணிக்கு மேல்தான் கண்ணில் படுவார். சாணி அள்ளுவது, கறப்பது, கழுவுவது எல்லாம் அவள்தான். கொழுந்தன் முன்னறையில் படுத்துக்கொள்வான். கட்டிலுக்கு மேலே ஆணியில் பைனாகுலர் தொங்கும். அதை யாரும் தொடக்கூடாது.

தெருவின் கடைசியில் ஏறினால் ஒரு பாறைத் திட்டு. அதற்கு அந்தப் பக்கம் செங்குத்தான மலைமுகடு. ஒரு காலத்தில் அந்த முகடு முழுக்க மொட்டைக் கழுகுகள் கூடு கட்டியிருந்தனவாம். பாறைத் திட்டில் செத்த மாட்டைப் போட்டால் சாயங்காலத்துக்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சுமாம். பிறகு கழுகுகள் இல்லாமல் போயின. பாறையை நாய்கள் எடுத்துக்கொண்டன. செத்த மாட்டை அவை வாரக்கணக்கில் இழுக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். இருட்டினால் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா மோட்டார் சைக்கிளில் வந்து பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார். கொழுந்தனுக்கு அந்தக் கழுகுத் திட்டத்தில் வேலை கொடுத்தவர் அவர்தான்; எல்லோரும் அவரை மேடம் என்போம்.

"மாடு வலியில துடிச்சா ஊசி போடுவீங்க. அது தப்புன்னு சொல்ல வரல. நீங்க வழக்கமாப் போடற அந்த ஒரு மருந்து மாத்திரம் வேணாம். வேற நல்ல மருந்து இருக்கு, டாக்டரே தருவார். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்னா ரெண்டு மூணு நாள்ல கழுத்து தொங்கிடும். கிட்னி போயிடும். ஒரு மாடு போதும், ஒரு கூட்டமே முடிஞ்சிடும்."

டீக்கடைக்காரர் பின்னாலிருந்து, "இங்க மனுஷனுக்குக் கிட்னி போனாவே கேக்க நாதியில்ல. நீங்க கழுகு கிட்னிக்குக் கூட்டம் போடறீங்க" என்றார். வராந்தாவே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

"சரிங்க. உங்க பாறையில இப்ப நாய் எத்தனை இருக்கும்?" என்றார் பிறகு.

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மாதம்தான் ரொட்டிக்கடைப் பெண்ணின் காலை நாய் பிய்த்திருந்தது.

அந்த ஊசி போடுவதில்லை, செத்த மாட்டைக் கழுகுக்கு விடுகிறோம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் மேடம். முதல் கை பால்காரம்மாவுடையது. கொழுந்தன் வேலையாச்சே. அவள் தூக்கியதைப் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். டீக்கடைக்காரரும் காது சொறிகிற மாதிரி அரைக்கை தூக்கினார்.

அதன்பிறகு நாலு வருடம் ஒரு கழுகும் வரவில்லை. அவன் மட்டும் தினமும் போய் நாயை விரட்டிவிட்டு, வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். இந்த வருடமும் வராவிட்டால் திட்டத்தை மூட்டை கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் பால்காரம்மாவின் மூத்த மாடு விழுந்தது.

வீட்டில் அதைப் 'பெரியவள்' என்பார்கள். கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் பின்கால்கள் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கி, இடுப்பு விட்டுப்போய்விட்டது. வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டக்கொடுத்து, வயிற்றுக்கடியில் கயிறு விட்டு, அண்ணன் தம்பி ஒரு பக்கமும் நானும் டீக்கடைக்காரரும் மறுபக்கமுமாகத் தூக்கிப் பார்த்தோம். முன்கால் நின்றது, பின்கால் துணி மாதிரி தொங்கியது. டாக்டர் வந்து நல்ல மருந்தில் ஒரு ஊசி போட்டார். "இது இனிமே எந்திரிக்காதும்மா. படுக்கைப் புண் வராம திருப்பித் திருப்பிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருப்பிப் போடுவது என்ன லேசுப்பட்ட வேலையா? ஒரு முழு மாட்டை அந்த ஒற்றைப் பொம்பளை, கால்களைக் கயிற்றில் கட்டி, தூணில் ஒரு சுற்று சுற்றி, முதுகைக் கொடுத்து இழுத்துத் திருப்புவாள். ஒவ்வொரு தடவையும் அது கத்தும். அதைக் கத்தல் என்றுகூடச் சொல்லக்கூடாது. வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கிற ஒரு சத்தம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சத்தம் நின்றது. போய்விட்டது என்று எட்டிப் பார்த்தேன். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் மருந்து இப்பத்தான் கேக்குது போல" என்றேன்.

"ஆமாங்க கடைக்காரரே" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டகைப் பரணில், உடைந்த சல்லடைக்குப் பின்னால், அந்தக் கூட்டத்துக்கு முன்பே வாங்கி வைத்த அந்த ஊசி மருந்துப் புட்டி ஒன்று இருந்திருக்கிறது. தூக்கிப்போட மனமில்லாமல் கிடந்தது. இதைப் பின்னால் அவளே சொன்னாள். "கழுகையெல்லாம் நான் நினைக்கவே இல்லைங்க. அந்த நேரத்துல என் புருஷனே வந்து குறுக்க நின்னிருந்தாலும் போட்டிருப்பேன்" என்றாள். எனக்கு அதில் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. வானொலியைக் கூட்டி வைத்தவன் நான்.

மறுநாள் விடிகிற நேரத்தில் மாடு போய்விட்டது. கொழுந்தன் பல் துலக்கிக்கொண்டே கொட்டகைக்கு வந்தான்.

"அண்ணி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது."

"பாறைக்குக் கொண்டு போகணும். அதானே?"

"நம்ம வீட்டு மாடுங்கறதாலதான் கேக்கறேன். உங்களுக்கு மனசு வரலைன்னா வேணாம், புதைச்சிரலாம்."

"செத்தது செத்துருச்சு. எங்க போட்டா என்ன."

"டாக்டர் போட்டதைத் தவிர வேற ஊசி எதுவும் போடலியே?"

எல்லா வீட்டிலும் அவன் கேட்கிற கேள்விதான். அடுத்த மாட்டைக் கறந்துகொண்டிருந்தவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இல்ல தம்பி."

அவள் போட்ட கணக்கு இதுதான்: நாலு வருடமாக வராத கழுகு இன்றைக்கா வரப்போகிறது? நாய்தான் இழுக்கப்போகிறது. முதல் கை தூக்கியவளே போட்டுவிட்டாள் என்று தெருவில் சிரிப்பார்கள். கொழுந்தன் மேடம் முகத்தில் எப்படி முழிப்பான்? ஒரு வார்த்தை 'இல்லை' சொன்னால் எல்லாம் முடிந்தது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள், வெயில் ஏறின பிறகு, கடை வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தேன். அதன்மேல் ஒரு நிழல் போனது. காக்கை நிழல் தெரியும், பருந்து நிழல் தெரியும். இது சோளம் பரப்பியிருந்த தார்ப்பாயை முழுசாக மூடிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தபடியே நின்றேன். சிறகை அடிக்கவே இல்லை. அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. அதற்கும் மேலே, புள்ளி மாதிரி, இன்னும் நிறைய.

கடையைச் சாத்தக்கூட இல்லை. தெருவே ஓடியது. டீக்கடைக்காரர் வடிகட்டியும் கையுமாக ஓடிவந்தார். திட்டுக்கு இந்தப் பக்கம் கல் அடுக்கிய மறைப்புக்குப் பின்னால் கொழுந்தன் குந்தியிருந்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தரையைப் பார்த்து அழுத்தினான். உட்கார்ந்தோம். யாரும் இருமவில்லை.

ஒவ்வொன்றாக இறங்கின. வானத்தில் அத்தனை நேரம் சத்தமில்லாமல் சுற்றியவை, தரைக்கு வரும்போது காற்றைக் கிழித்துக்கொண்டு உஸ்ஸென்று வந்தன. வீட்டுக் கதவைக் கழற்றிப் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிய மாதிரி சிறகு. காலை முன்னால் நீட்டி, ஓடி, நின்று, சிறகை மடக்க இடம் போதாமல் ஒருதரம் உதறி மடக்கிக்கொண்டன. மாட்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தன. மொட்டைத் தலை, சுருக்கம் விழுந்த கழுத்து, கழுத்தடியில் வெள்ளைப் பஞ்சு வளையம். பாறையிலிருந்த நாய்கள் எப்போது போயின என்றே தெரியவில்லை. அசிங்கம் பிடித்த பறவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எதிரில் பார்த்தபோது, பெரிய மனிதர்கள் சபையில் தெரியாமல் நுழைந்துவிட்டவன் மாதிரி உடம்பு தானாகக் குறுகியது.

"தின்ன மாட்டேங்குதே தம்பி" என்று டீக்கடைக்காரர் காதோடு கேட்டார்.

"பயம்ணே. பழகாத இடம். ரொம்ப நேரம் இப்படித்தான் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு கொத்துச்சுன்னா எல்லாம் விழும்."

"எவ்வளவு பெருசுப்பா. இதையா நான் கிண்டல் பண்ணேன்."

பைனாகுலர் கொழுந்தன் மடியில் கிடந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான், துடைத்துக்கொள்ளவும் இல்லை.

வேனை நிறுத்திவிட்டுப் புருஷன்காரர் சந்தோஷமாக வீட்டுக்குள் போய், "உன் கொழுந்தன் ஜெயிச்சிட்டான்டீ, பாறை பூரா கழுகு" என்று சொல்லியிருக்கிறார். அவள் கையிலிருந்த பால் வாளியை அப்படியே விட்டுவிட்டாளாம். பால் வாசல்வரை ஓடியது என்று அவர் பிறகு சொன்னார்.

எங்களுக்குத் தெரிந்தது, பின்னால் கற்கள் உருளும் சத்தம்தான். திரும்பினால் பால்காரம்மா செருப்பில்லாமல் ஏறி வந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, வட்டத்திலிருந்து ஒரு கழுகு இரண்டு எட்டு குதித்து முன்னால் போய், மாட்டின் வாய்ப் பக்கம் எதையோ இழுத்து விழுங்கியது. மற்றவை கழுத்தை நீட்டின.

"தின்ன விடாத தம்பி" என்றாள். மூச்சு வாங்கியது. "நான் ஊசி போட்டுட்டேன். அந்த ஊசி. உன்கிட்டப் பொய் சொன்னேன்."

அவன் அவளையே பார்த்தான். முதலில் புரியாதவன் மாதிரி இருந்தான். பிறகு, எங்களை இருமக்கூட விடாத அந்த ஆள், மறைப்பைத் தாண்டிக் குதித்து, கைத்தடியைப் பாறையில் அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கழுகுகள் நடுவில் ஓடினான். அவள் பின்னால் ஓடினாள். நாங்களும் ஓடினோம். அத்தனை சிறகும் ஒரே நேரத்தில் விரிந்தன. புழுதி முகத்தில் அறைந்தது. ஒன்று என் தலைக்கு ஒரு கை உயரத்தில் போனது. அந்தக் காற்று சட்டைக்குள் புகுந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நாலு வருடமாக வா வா என்று அவன் யாரைக் கூப்பிட்டானோ, அவர்களையே போ போ என்று விரட்டிக்கொண்டிருந்தான்.

ஆனால் அவை போகவில்லை. பசி. ஒரு சுற்று சுற்றிவிட்டு, கல்லெறி தூரத்தில் திரும்ப உட்கார்ந்தன. டிராக்டர் வேறு வேலைக்குப் போயிருந்தது, வர மத்தியானம் தாண்டும் என்றார்கள். அதுவரை மாட்டைச் சுற்றி நாங்கள் நிற்க வேண்டியதாயிற்று. வெயிலில், அந்த நாற்றத்தில், கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக, கழுகுகளைப் பார்த்தபடி நின்றோம். அவை எங்களைப் பார்த்தன. யார் யாரைக் காவல் காக்கிறோம் என்று எனக்கே குழம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"போன வருஷம் என் மாடு செத்தப்ப நீ வந்து கேட்டியே தம்பி. நான் இல்லன்னேன்."

கொழுந்தன் திரும்பினான்.

"போட்டிருந்தேன்" என்றார். "நல்லவேளை எதுவும் வரல."

"வந்துச்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன். குரலில் கோபம்கூட இல்லை. "முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் எங்கள் எல்லோர் பக்கமும் திரும்பினான்.

"வேற யாராவது இருக்கீங்களா?"

முதலில் ரொட்டிக்கடைப் பெண் கையைத் தூக்கினாள். அப்புறம் இன்னொரு கை, அப்புறம் ஒன்று. பள்ளிக்கூட வராந்தாவில் தூக்கிய அதே கைகள்தான். எனக்கு மாடு கிடையாது, அதனால் தப்பித்தேன். அவன் எல்லாக் கையையும் ஒருமுறை பார்த்தான். "கீழ விடுங்க" என்று மட்டும் சொன்னான்.

டிராக்டர் வந்ததும் மாட்டை மண் பாங்கான இடத்துக்கு இழுத்துப்போய் ஆளுயரத்துக்கும் மேல் குழி தோண்டினோம். புருஷன்காரர் கடப்பாரையை ஓங்கி ஓங்கிப் போட்டார். "பொண்டாட்டி சொன்ன பொய்க்கு இவ்வளவு பெரிய குழி தோண்டினவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் வந்து சேர்ந்தபோது சுண்ணாம்பு கொட்டி மூடிக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னோம்.

"ஒரு கொத்துதானே?" என்று பால்காரம்மா கேட்டாள்.

"ஒரு கொத்தே போதுமா, போதாதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. எந்த இடத்துல எவ்வளவு மருந்து இருந்துச்சோ. மூணு நாள் பார்க்கணும். தாண்டிட்டா பயமில்ல."

"கழுத்து தொங்குனா?"

"தொங்குனா கஷ்டம்தான்."

சாயங்காலம் கழுகுகள் எழும்பி முகட்டில் போய் அடைந்தன. விடியற்காலையில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கொழுந்தன் கிளம்பினான். பின்னாலேயே அவளும் கிளம்பினாள், ஒரு பிளாஸ்க் டீயோடு. அவன் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புருஷன்காரர் என் கடைக் கதவைத் தட்டினார். "ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறாங்க. நான் வேனை எடுத்தாகணும். நீங்க கொஞ்சம் கூடப் போங்களேன்" என்றார். அப்படித்தான் நானும் மூன்று நாள் காலையில் முகட்டு அடிவாரத்தில் உட்கார்ந்தேன்.

பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "எது தின்னுச்சுன்னு அடையாளம் தெரியுமான்னு கேளுங்க கடைக்காரரே" என்பாள், இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவனைக் காட்டி. "தெரியலன்னு சொல்லுங்க" என்பான் அவன். எது என்று தெரியாததால் அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். இரண்டாம் நாள் அவன் ஒன்றும் சொல்லாமல் பைனாகுலரைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். எனக்கில்லை என்று புரிந்து, அவளிடம் கொடுத்தேன்.

நெடுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை அவள்.

"அலகால ஒவ்வொரு இறகா எடுத்து நீவி விடுது" என்றாள் மெல்ல. "செத்ததைத் தின்னுட்டு இவ்வளவு சுத்தமாவா இருக்கும். அந்தப் பக்கத்தது கண்ணை மூடி மூடித் திறக்குது, தூக்கத்துல குழந்தை பண்ற மாதிரி. இதுங்களைப் போயி நான்..." கண்ணாடி நனைந்துவிடும் என்று நினைத்தோ என்னவோ, பைனாகுலரை இறக்கித் தன் துணியிலேயே துடைத்தாள்.

மூன்றாம் நாள் காலை முகட்டில் வெயில் பட்டதும் அவை சிறகை விரித்துக் காய்ந்தன. கல்லெல்லாம் இலை விட்ட மாதிரி இருந்தது. காற்று சூடேறியதும் ஒன்று கிளம்பியது. பிறகு இரண்டாவது. மேலே போய் வட்டமிட்டு ஒவ்வொன்றாக மலைக்கு அந்தப் பக்கம் மறைந்தன. கடைசியில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்தது. சிறகை விரிக்கவில்லை. தலை தொங்கியிருந்தது.

"கடைக்காரரே, அது ஏன் போகலன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், போதும் என்றிருந்தது. மூவரும் எழுந்து நின்றுவிட்டோம். டீ ஆறியது. வெயில் பாறையின் பாதிக்கு இறங்கிவிட்டது. அது அசையவில்லை. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். காது கொடுத்துக் கேட்டேன். "எந்திரிடி, எந்திரிடி" என்று, விழுந்த மாட்டிடம் சொன்ன அதே வார்த்தை.

அது முன்னால் சாய்ந்தது. விளிம்பிலிருந்து தலைகுப்புற, கல் விழுகிற மாதிரி விழுந்தது.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று நாள் நான் கேட்ட சத்தம் அது.

"அண்ணி" என்றான் அவன். அன்றைக்குப் பாறையில் ஓடியதிலிருந்து அப்போதுதான் அவளை அப்படிக் கூப்பிட்டான். "அண்ணி, கையை எடுங்க."

"நீயே சொல்லு தம்பி. நான் பார்க்க மாட்டேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க."

அவள் கையை எடுத்தபோது அது சிறகை முழுசாக விரித்து எங்கள் மூவரின் தலைக்கு மேலே வந்திருந்தது. ஒருமுறைகூட அடிக்காமல், சுற்றிச் சுற்றி, மேலே போய்க்கொண்டே இருந்தது.